கண்ணாடிப் பெட்டிக்குள் வண்ணத்துப்பூச்சி: விற்பவரிடம் என்ன கேட்பது?

கேள்வி: “பெங்களூர் இந்திராநகரில் சின்னதாக ஒரு காபிக் கடை திறக்கப்போகிறோம். ஒரு சுவர் முழுக்க, பதப்படுத்திய வண்ணத்துப்பூச்சிகளை பிரேம் போட்டு மாட்ட ஆசை. இன்ஸ்டாகிராமில் விற்கும் ஒருவர் ‘எல்லாம் பண்ணையில் வளர்ந்து இயற்கையாக இறந்தவை’ என்கிறார். நம்பலாமா? சட்டச் சிக்கல் ஏதாவது வருமா? என் மனைவியின் தாத்தா 1960களில் டார்ஜிலிங்கில் வாங்கிய பெட்டி ஒன்றும் வீட்டில் இருக்கிறது. அதையும் மாட்டலாமா?”

பதில்:

பண்ணையில் வளர்ந்தவை என்பது உண்மையாக இருக்கலாம். இயற்கையாக இறந்தவை என்பது அநேகமாகப் பொய். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவதால் முதலாவதின் நம்பகம் இரண்டாவதுக்கும் ஒட்டிக்கொள்கிறது. நீங்கள் பிரித்துக் கேளுங்கள்.

இந்த ஊரில் ஒரு பூச்சிச் சேகரிப்பில் பல வருஷம் வேலை பார்த்தவன் நான். ஊசி குத்துவது, சிறகு விரிப்பது, லேபிள் எழுதுவது எல்லாம் அன்றாட வேலை. அதனால் முதலில் அந்த ‘இயற்கை மரணம்’ பற்றிச் சொல்கிறேன். பெரும்பாலான வண்ணத்துப்பூச்சிகள் கூட்டை விட்டு வந்த பிறகு உயிரோடு இருப்பது இரண்டிலிருந்து நான்கு வாரம். சிறகின் நிறமெல்லாம் மேலே படிந்திருக்கும் நுண்ணிய செதில்களில் இருக்கிறது. செதில் உதிர்ந்தால் திரும்ப முளைக்காது. செடியில் உரசும்போது கொஞ்சம் போகும், ஓணான் கவ்வித் தவறவிட்டால் ஒரு துண்டு போகும், மழையில் இன்னும் கொஞ்சம். மழைக்காலம் முடிகிற சமயத்தில் லால்பாகில் ஒரு சுற்று நடந்து பாருங்கள். பின்சிறகில் பாதி இல்லாமல், ஓரமெல்லாம் கிழிந்து, நிறம் தேய்ந்துபோய்ப் பறந்துகொண்டிருப்பவை கண்ணில் படும். வயதாகிச் சாகிற பூச்சி அப்படித்தான் இருக்கும்.

பிரேமுக்குள் ஒரு கீறல்கூட இல்லாமல் பளபளவென்று இருக்கும் பூச்சி, கூட்டை விட்டு வந்து சிறகு காய்ந்து கெட்டியானதும், சரியாகப் பறக்கத் தொடங்குவதற்கு முன்பே கொல்லப்பட்டது. பெரும்பாலும் ஃப்ரீசரில் வைத்துக் கொல்வார்கள். மார்புப் பகுதியை விரலால் அழுத்துவதும் உண்டு, எத்தில் அசிடேட் நனைத்த பஞ்சு போட்ட ஜாடியும் உண்டு. தொழிலில் குறையில்லாத பூச்சியை ஏ-1 என்பார்கள், லேசான சேதம் உள்ளதை ஏ-2 என்பார்கள். இயற்கையாக இறந்ததை மட்டுமே விற்கிறேன் என்பவரிடம் ஏ-1 குவியலாக இருக்க வழியே இல்லை. வெளிநாடுகளில் வண்ணத்துப்பூச்சிக் கூடங்கள் நடத்துபவர்களில் சிலர், தரையில் விழுந்து கிடப்பவற்றைப் பொறுக்கிக் கொடுப்பது உண்மைதான். ஆனால் அவை அதற்கேற்றபடி கிழிந்து நைந்திருக்கும். ஆகவே அந்த இன்ஸ்டாகிராம்காரரிடம் நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: “கிழிந்தவற்றைக் காட்டுங்கள்.” காட்ட முடியாவிட்டால் கதை முடிந்தது.

இந்தப் பொய்யை அவர் மட்டும் சொல்லவில்லை, வாங்குகிறவரும் பாதி சொல்கிறார் என்பது என் எண்ணம். அழகு வேண்டும், கொன்ற பாவம் வேண்டாம் என்றால் சந்தை அதற்கேற்ற வாசகத்தைத் தயார் செய்துவிடும். நமக்குப் பட்டுச் சேலை இருக்கிறது. இங்கிருந்து மைசூர் போகும் வழியில் ராமநகரத்தில் பட்டுக்கூட்டுச் சந்தை பார்த்திருப்பீர்கள். காஞ்சிபுரத்துத் தறிக்குப் போகும் நூலில் பெரும்பங்கு கர்நாடகத்துக் கூட்டிலிருந்து வருகிறது. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான கூடுகள். உள்ளே இருக்கும் கூட்டுப்புழு சூட்டில் சாகிறது. கல்யாண வீட்டில் யாரும் “புழு வயதாகிச் செத்தது” என்று சொல்லிக்கொள்வதில்லை. வேண்டுமென்றே வளர்த்த பூச்சியைக் கொல்வது என் கணக்கில் பெரிய குற்றம் இல்லை. உங்கள் கணக்கில் அது குற்றமாக இருக்கலாம். அப்படியானால் மாட்டாதீர்கள், நல்ல புகைப்படம் போதும். பெங்களூரில் வண்ணத்துப்பூச்சியைப் படம் எடுப்பவர்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் கொன்றதை மறைத்து விற்பதை, மறைப்பது தெரிந்தும் வாங்கி மாட்டுவதை, என்னால் ஏற்க முடியவில்லை.

சரி, பண்ணை விஷயத்துக்கு வருவோம். இது நிஜமாகவே நடக்கிற தொழில், சில இடங்களில் காட்டுக்கு நன்மையும் செய்கிறது. பப்புவா நியூகினியில் 1970களிலிருந்து கிராமத்து மக்கள் தோட்டத்து ஓரத்தில் ஈஸ்வரமூலிக் குடும்பத்துக் கொடிகளை நட்டுவைக்கிறார்கள். பேர்ட்விங் எனப்படும் பெரிய வண்ணத்துப்பூச்சிகளின் புழு அந்தக் குடும்பத்துக் கொடிகளை மட்டும்தான் தின்னும். காட்டிலிருந்து பூச்சி தானாக வந்து முட்டையிடும், புழு வளரும், கூட்டுப்புழுவில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு மீதியைப் பறக்க விட்டுவிடுவார்கள். கூண்டு கிடையாது. பக்கத்தில் காடு இருந்தால்தான் பூச்சி வரும் என்பதால் காட்டை வெட்டாமல் வைத்திருக்க அவர்களுக்கு ஒரு காரணம் கிடைக்கிறது. கென்யாவில் அரபுக்கோ-சொகோக்கே காட்டை ஒட்டி 1993இல் தொடங்கிய கிபெபெயோ திட்டமும் ஏறக்குறைய இதே யோசனைதான். அங்கே இறந்த பூச்சிக்குப் பதில் உயிருள்ள கூட்டுப்புழுவை ஐரோப்பியக் கூடங்களுக்கு அனுப்புகிறார்கள். நீங்கள் பார்த்து மயங்கியிருக்கக்கூடிய, மார்போ எனப்படும் அந்தப் பெரிய நீல வண்ணத்துப்பூச்சி, அநேகமாகப் பெருவிலிருந்து வருகிற மார்போ டிடியஸ். அதையும் அங்கே வளர்க்கிறார்கள்.

ஆனால் ஏமாற்றுவது எளிது. காட்டில் வலை வீசிப் பிடித்ததையும் ‘பண்ணை’ என்று எழுதி அனுப்பலாம். அன்றைக்குக் கூட்டை விட்டு வந்த காட்டுப் பூச்சியும் பண்ணைப் பூச்சியும் பார்வைக்கு ஒன்றே. சிறகைப் பார்த்து யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. அதனால் விற்பவர் தரும் விவரத்தைத்தான் நோண்ட வேண்டும். முழு அறிவியல் பெயர், எந்த நாடு, அந்த நாட்டில் எந்த வட்டாரம், எந்த வருஷம், ‘எக்ஸ் பூப்பா’வா ‘எக்ஸ் லார்வா’வா, அதாவது கூட்டுப்புழுவிலிருந்து எடுத்ததா புழுவிலிருந்தே வளர்த்ததா. நிஜமான பண்ணையோடு தொடர்பு உள்ளவருக்கு இதெல்லாம் நுனிநாக்கில் இருக்கும். ஏனென்றால் பூச்சி அவரிடம் வரும்போதே சிறகு மடித்து, முக்கோணக் காகித உறையில், உறைமேல் பெயரும் தேதியும் எழுதித்தான் வரும். “ப்ளூ பட்டர்ஃப்ளை, சவுத் அமெரிக்கா” என்பதற்கு மேல் போகாதவர் யாரோ மொத்தமாகக் கொடுத்ததைப் பிரேம் போட்டு விற்கிறார். அவரைப் பொய்யர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர் தரும் உறுதிமொழிக்கு மதிப்பு ஏதும் இல்லை. “பிரேசில் காட்டிலிருந்து” என்று பெருமையாகச் சொன்னால் இன்னும் மோசம். காட்டில் பிடித்த உயிரினங்களை விற்பதைப் பிரேசில் 1967லேயே தடை செய்துவிட்டது.

இன்னொன்று, பலர் தலைகீழாகப் புரிந்துகொள்வது: விலை அதிகமானால் நேர்மையும் அதிகம் என்று. இந்தச் சந்தையில் மலிவும் சாதாரணமும்தான் பாதுகாப்பு. ஒரு பெண்பூச்சி நூற்றுக்கணக்கில் முட்டையிடும், பரவலாக இருக்கும் வகையைச் சுலபமாக வளர்க்கலாம். அப்படிப்பட்டதைக் காட்டுக்குள் போய்த் துரத்த வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. ஒரே ஒரு மலையில், ஒரே ஒரு பள்ளத்தாக்கில் இருக்கும் வகைக்குத்தான் சேகரிப்பாளர்கள் கண்டபடி பணம் கொடுப்பார்கள். உலகத்திலேயே பெரிய வண்ணத்துப்பூச்சியான குயின் அலெக்சாண்ட்ரா பேர்ட்விங் பப்புவா நியூகினியின் ஓரோ மாகாணத்தில் மட்டும் இருக்கிறது. பெண்ணுக்குச் சிறகு விரிப்பு 25 செ.மீ.யைத் தாண்டும். 1951இல் லாமிங்டன் எரிமலை வெடித்து அதன் காட்டில் ஒரு பெரும்பகுதியை அழித்தது, பிறகு எண்ணெய்ப்பனைத் தோட்டங்கள் வந்தன. வன உயிர் வணிகத்துக்கான சர்வதேச ஒப்பந்தமான சைட்டீஸில், வணிகத்தை முற்றிலும் தடை செய்யும் முதல் பட்டியலில் அது இருக்கிறது. அதை யாராவது “பேப்பரோடு தருகிறேன்” என்றால் போனை வைத்துவிடுங்கள். மற்ற பேர்ட்விங்குகள் எல்லாம் சைட்டீஸ் இரண்டாம் பட்டியல். ஏற்றுமதி செய்யும் நாட்டின் அனுமதிச் சீட்டு இருந்தால்தான் எல்லை தாண்டலாம். அந்தச் சீட்டின் நகலையும் கஸ்டம்ஸ் ஆவணத்தையும் கேளுங்கள். வழக்கமாக விற்கும் நீல மார்போ சைட்டீஸில் இல்லை. ஆக, அதற்குச் சீட்டு இல்லை என்பதால் மட்டும் சந்தேகப்பட வேண்டாம்.

அப்புறம், அதே ஆள் பிரேமுக்குள் வௌவாலும் விற்கிறாரா என்று பாருங்கள். ஆரஞ்சும் கறுப்புமான குட்டி வௌவால்கள் இப்போது ஆன்லைனில் நிறைய ஓடுகின்றன. அந்த வகை ஒரு ஈற்றில் ஒரே குட்டிதான் போடும். பண்ணையில் வளர்த்து விற்பது என்பதெல்லாம் கட்டுக்கதை. வௌவாலைப் பற்றி அப்படிச் சொல்பவர் பூச்சியைப் பற்றிச் சொல்வதையும் நான் காதில் வாங்க மாட்டேன்.

இந்தியச் சட்டத்தில் இடம் ரொம்பக் குறுகல். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகளில், அதாவது பாதுகாக்கப்படும் உயிர்களின் பட்டியல்களில், நூற்றுக்கணக்கான வண்ணத்துப்பூச்சி வகைகள் இருக்கின்றன. 2022 திருத்தத்தில் அட்டவணைகளை மாற்றி அடுக்கினார்கள், 2023 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அட்டவணையில் உள்ள வகையைப் பிடிப்பதும் கொல்வதும் புலியைச் சுடுவதைப் போலவே ‘வேட்டை’. முதல் அட்டவணை என்றால் மூன்றிலிருந்து ஏழு வருஷம் சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். தேசியப் பூங்கா, சரணாலயத்துக்குள் என்றால் அட்டவணையைப் பார்க்கவே வேண்டாம், எந்தப் பூச்சியையும் தொடக் கூடாது. 2008இல் டார்ஜிலிங் பக்கம் சிங்கலீலா தேசியப் பூங்கா அருகே பூச்சி சேகரித்த செக் நாட்டுக்காரர்கள் இரண்டு பேர் கைதானார்கள். ஒருவருக்கு அபராதம், இன்னொருவருக்குச் சிறைத்தண்டனை. இலங்கையில் யால பூங்காவுக்குள் பூச்சி பிடித்த இத்தாலியத் தந்தைக்கும் மகனுக்கும் 2024இல் 6 கோடி இலங்கை ரூபாய் அபராதம் விழுந்தது.

“இது சாதாரணப் பூச்சிதானே, நம்ம தோட்டத்திலேயே வருதே” என்ற வாதமும் நிற்காது. கிரிம்சன் ரோஸ் என்று ஒன்று, கறுப்புச் சிறகில் வெள்ளைப் பட்டையும் சிவப்புப் புள்ளிகளும், செக்கச் சிவந்த உடம்பும். ஆடுதீண்டாப்பாளை இருக்கும் இடமெல்லாம் வரும். ராமேஸ்வரம் பக்கம் கூட்டம் கூட்டமாகப் பார்க்கலாம். திருத்தத்துக்கு முந்தைய பட்டியலில் அது புலியோடு முதல் அட்டவணையில் இருந்தது. கண்ணுக்கு எத்தனை படுகிறது என்பதை வைத்து அட்டவணை எழுதப்படவில்லை என்பதற்கு இது ஒன்று போதும்.

உங்கள் கேள்விக்கு நேராக வரும் பிரிவு 39. அட்டவணையில் உள்ள வன உயிர் ‘இறந்து கிடந்தாலும்’ அது மாநில அரசின் சொத்து. யாரோ கொன்றதாக இருக்க வேண்டும் என்பதில்லை. எனவே இந்திய வகை ஒன்றைக் காட்டி “சார், நான் கொல்லலை, குடகுப் பக்கம் மலைப்பாதையில் செத்துக் கிடந்தது” என்று விற்பவர், தன்னைக் காப்பாற்றிக்கொள்வதாக நினைத்து மாட்டிக்கொள்கிறார். இயற்கை மரணம் என்ற வாசகம் வெளிநாட்டுப் பூச்சிக்குப் பொய், அட்டவணையில் உள்ள நம்ம ஊர்ப் பூச்சிக்கோ உண்மையாக இருந்தாலும் பயனில்லை. என் யோசனை: இந்திய வகை எதையும் அலங்காரத்துக்கு வாங்காதீர்கள். கர்நாடகத்தின் மாநில வண்ணத்துப்பூச்சியான சதர்ன் பேர்ட்விங், தமிழ்நாட்டின் தமிழ் மறவன், இரண்டையும் உயிரோடு தேடிப் பார்க்கலாம். ஊசி குத்தி வைத்தவற்றைப் பார்க்க வேண்டுமென்றால் பன்னேர்கட்டாவில் 2006இல் திறந்த வண்ணத்துப்பூச்சிப் பூங்காவின் அருங்காட்சியகத்துக்குக் குடும்பத்தோடு போய்வாருங்கள். ஹெப்பாள் தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனத்திலும், ஜி.கே.வி.கே. வேளாண் பல்கலைக்கழக வளாகத்திலும், தேசிய உயிரியல் அறிவியல் மையத்திலும் ஆராய்ச்சிக்கென்று சேகரிப்புகள் இருக்கின்றன. அங்கே ஒவ்வொரு ஊசியிலும் பூச்சிக்குக் கீழே ஒரு துண்டுக் காகிதம்: இடம், தேதி, பிடித்தவர் பெயர். அந்தத் துண்டு இல்லாவிட்டால் எவ்வளவு அழகான பூச்சியும் அறிவியலுக்கு உதவாது.

அந்தத் துண்டில் பொய் எழுதினால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய கதை ஒன்று இருக்கிறது. 1702இல் இங்கிலாந்தில் வில்லியம் சார்ல்டன் என்பவர், ஜேம்ஸ் பெட்டிவர் என்ற சேகரிப்பாளருக்கு ஒரு மஞ்சள் வண்ணத்துப்பூச்சி அனுப்பினார். சிறகில் கறுப்புப் புள்ளிகள், நீலப் பிறைகள். அதுவரை யாரும் பார்க்காத வகை. உயிர்களுக்குப் பெயர் வைக்கும் முறையையே வகுத்த லின்னேயஸ் 1763இல் அதற்குப் ‘பப்பிலியோ எக்லிப்சிஸ்’ என்று பெயரும் சூட்டிவிட்டார். லின்னேயஸின் மாணவர் ஃபாப்ரிசியஸ் 1793இல் உற்றுப் பார்த்துக் கண்டுபிடித்தார்: சாதாரண பிரிம்ஸ்டோன் வண்ணத்துப்பூச்சியின்மேல் யாரோ தூரிகையால் வரைந்திருக்கிறார்கள். லின்னேயஸ் கண்ணே ஏமாந்தது என்றால் நீங்களும் நானும் எம்மாத்திரம்.

இன்றைக்கும் இந்த வித்தை உண்டு. உடைந்த உணர்கொம்பை வேறொரு பூச்சியிலிருந்து எடுத்து ஒட்டுவது, வேறு உடலில் சிறகைப் பொருத்துவது, சாயம் ஏற்றுவது, அச்சடித்த தாளையே சிறகாக வெட்டுவது எல்லாம் நடக்கிறது. ஒட்டியதை ஒட்டியது என்று சொல்லிவிட்டால் தவறில்லை, நாங்களும் ஒட்டியிருக்கிறோம். மார்போவுக்கு மட்டும் ஒரு நல்ல சோதனை இருக்கிறது. அதன் நீலம் சாயத்தால் வருவதில்லை, செதிலின் நுண் அடுக்குகளில் ஒளி சிதறி வருவது. சுத்தமான ஆல்கஹால் ஒரு சொட்டு பட்டால் அந்த இடம் பச்சையாகும், காய்ந்ததும் தானாக நீலத்துக்குத் திரும்பும். சாயம் என்றால் கரைந்து பரவும், அல்லது பச்சையே ஆகாது. பிரேமைத் திறந்து இதைச் செய்துகாட்டச் சொன்னால் விற்பவர் முறைப்பார், முறைக்கட்டும்.

கடையில் மாட்டுவது என்று முடிவெடுத்தால் கீழே ஒரு சின்ன அட்டை வையுங்கள். “மார்போ டிடியஸ், ஆண். பெரு நாட்டுப் பண்ணை. கூட்டுப்புழுவிலிருந்து வளர்த்து, உறையவைத்துக் கொல்லப்பட்டது”, கூடவே வருஷம். விற்றவர் அந்த விவரத்தை எழுத்தில் தரச் சம்மதித்தால் மட்டும் வாங்குங்கள். ‘கொல்லப்பட்டது’ என்று எழுதினால் காபி குடிக்க வருபவர் முகம் சுளிப்பாரே என்று உங்கள் பார்ட்னர் சொல்லலாம். சிலர் சுளிப்பார்கள்தான். ஜைனக் குடும்பங்கள் நிறைய உள்ள ஊர் இது, யாராவது நேரடியாகவே கேட்பார்கள். அப்போது பதில் அட்டையிலேயே இருக்கட்டும். அந்த அட்டையை வைக்கக் கூச்சமாக இருந்தால் பிரேமையும் வைக்க வேண்டாம்.

பராமரிப்பு பற்றி ரெண்டு வார்த்தை. ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டாதீர்கள். மார்போவின் நீலம் தாங்கும், மற்ற மஞ்சளும் சிவப்பும் வெயிலில் வெளுத்துவிடும். காபி மெஷின் ஆவியும் பெங்களூர் மழைக்கால ஈரமும் சேர்ந்தால் பூஞ்சணம் பிடிக்கும். பெட்டிக்குக் கீழே மாவு மாதிரித் தூள் விழுந்திருந்தால் டெர்மெஸ்டிட் வண்டின் புழு உள்ளே தின்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம். பிரேமை காற்றுப் புகாத பையில் கட்டி ஃப்ரீசரில் ஒரு வாரத்துக்கு மேல் வைத்து எடுங்கள். அந்துருண்டை வேண்டாம், சாப்பிடும் இடத்தில் அந்த வாசனை ஆகாது.

கடைசியாகத் தாத்தா பெட்டி. 1960கள் என்றால் 1972 சட்டத்துக்கு முந்தையது, வாங்கியபோது குற்றம் ஏதும் இல்லை. ஆனால் டார்ஜிலிங் பெட்டிகளில் பூட்டான் குளோரி, கைசர்-இ-ஹிந்த் மாதிரி அட்டவணை வகைகள் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. இப்படிப்பட்டவற்றை வைத்திருப்பவர்கள் அறிவிக்க வேண்டும் என்று 2003இல் அரசு 180 நாள் அவகாசம் கொடுத்தது. அப்போது உங்கள் வீட்டில் யாராவது அறிவித்து, உரிமைச் சான்றிதழ் வாங்கினார்களா என்று மனைவியின் வீட்டில் கேளுங்கள். சான்றிதழ் இருந்தாலும் கடையில் மாட்டாதீர்கள், விற்கும் யோசனையே வேண்டாம். சான்றிதழ் இல்லையென்றால் பெட்டியைத் திறக்காமல் நாலு பக்கமும் படம் எடுத்து, தாத்தா கையெழுத்தில் லேபிள், ரசீது, கடிதம் ஏதாவது இருந்தால் அதையும் சேர்த்து, மல்லேஸ்வரம் அரண்ய பவனில் உள்ள வனத்துறை அலுவலகத்தில் ஒரு கடிதம் கொடுங்கள். வனவிலங்கு வழக்கு பார்க்கும் வக்கீல் ஒருவரிடம் முன்கூட்டியே பேசிவிட்டுப் போவது நல்லது. லேபிளில் இடமும் தேதியும் தெளிவாக இருந்தால், அதைச் சட்டப்படி ஒரு ஆராய்ச்சிச் சேகரிப்புக்கு மாற்ற வழி உண்டா என்று அந்தக் கடிதத்திலேயே கேளுங்கள். 60 வருஷத்துக்கு முன் அந்த மலையில் என்ன பறந்தது என்பதற்கு அந்தப் பெட்டி ஒரு சாட்சி. பழைய லேபிளை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் பிய்த்துவிட்டுப் புதிதாக அழகாக எழுதி ஒட்டாதீர்கள்.